கையாலாகாதவர்களின் மைதானம்

1840களில் நியூயார்க்கில் டேனியல் லூசியஸ் ஆடம்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். யேலில் படித்து, ஹார்வர்டில் மருத்துவம் முடித்தவர். பகலில் நோயாளிகளின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். மற்ற நேரத்தில் ரப்பர் துண்டுகள் மேல் நூலைச் சுற்றி, தோல் போர்த்தித் தைத்துப் பந்து செய்வார். பேஸ்பால் பந்து கடையில் கிடைக்காத காலம் அது. ஆட வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும். நிக்கர்பாக்கர் கிளப்பில் ஊசி பிடிக்கத் தெரிந்த கை டாக்டருடையதுதான் என்று முடிவு செய்திருப்பார்கள் போல. ஆறேழு வருஷம் சொந்த கிளப்புக்கும், புதிதாக முளைத்த மற்ற கிளப்புகளுக்கும் அவரே பந்து சப்ளை.

டாக்டர் பந்தில் ஒரு கோளாறு. ரொம்ப லேசு. அதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பழைய தெரு ஆட்டத்தில் ஓடுகிறவனை அவுட் ஆக்க ஒரே வழி, பந்தால் அவன் முதுகில் சாத்துவது. சக மனிதன் முதுகைக் குறிவைக்கும் பந்து கல்லாக இருந்தால் ஆட்டம் முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவான். நிக்கர்பாக்கர்கள் வங்கி, வியாபாரம் என்று கௌரவமாக வாழ்ந்தவர்கள். 1845ல் விதி எழுதும்போது ஆளைப் பந்தால் அடிப்பதைத் தடை செய்தார்கள். அடி நின்றது, பந்து மட்டும் பஞ்சாகவே இருந்தது. மட்டையால் அடித்தால் தூரம் போகும், கையால் எறிந்தால் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். தொலைவில் நிற்கும் ஆள் எவ்வளவு தம் கட்டி எறிந்தாலும் பந்து பேஸ் வரை வராது.

ஆடம்ஸ் யோசித்தார். 1849, 50 வாக்கில் தானே போய் நடுவழியில் நின்றுகொண்டார். தூரத்து ஆள் எறிவதை வாங்கி உள்ளே அனுப்பும் அஞ்சல்காரர் வேலை. அந்த இடத்துக்குத்தான் பின்னால் ஷார்ட்ஸ்டாப் என்று பெயர் வந்தது. இன்று பேஸ்பால் அணிகள் கோடிக்கணக்கில் டாலரைக் கொட்டி, உள்வட்டத்திலேயே வலுவான கைக்காரனைத் தேடிப் பிடித்து நிறுத்தும் இடம் அது. அது பிறந்ததோ, ஊரில் ஒருத்தனுக்கும் கை போதவில்லை என்பதால்.

இதற்காக டாக்டரைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்க வேண்டாமா? கட்டினார்கள், வேறொருவருக்கு. 1907ல் ஒரு கமிஷன் கூடி, பேஸ்பாலைக் கண்டுபிடித்தவர் ஆப்னர் டபுள்டே என்ற ராணுவ ஜெனரல்தான், 1839ல் கூப்பர்ஸ்டவுன் கிராமத்தில்தான் என்று தீர்ப்பு எழுதியது. டபுள்டே அந்த வருஷம் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் அணிவகுப்பில் இருந்தார் என்பது கமிஷனுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. புகழ்க்கூடத்தையும் அந்தக் கிராமத்திலேயே கட்டிவிட்டார்கள். 2015ல் ஆடம்ஸ் பெயர் வாக்கெடுப்புக்கு வந்தது. 16 பேரில் 10 பேர் ஆதரவு, தேவை 12. மறு வருஷம் அவர் கையால் எழுதிய 1857ஆம் வருஷத்து விதித்தாள்கள் 32 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. காகிதத்துக்கு இருக்கிற மதிப்பு எழுதிய ஆளுக்கு இல்லை.

பிறகு பந்து கனத்தது. கனத்த பந்து தூரத்திலிருந்தும் வந்து சேர்ந்ததால் அஞ்சல்காரருக்கு நடுவழியில் வேலை இல்லாமல் போயிற்று. புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியின் டிக்கி பியர்ஸ் அந்த இடத்தை உள்ளே இழுத்து, செகண்ட் பேஸுக்கும் தேர்டு பேஸுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பியர்ஸ் குள்ளம், கொஞ்சம் தொந்தியும் உண்டு. ஷார்ட்ஸ்டாப் என்றால் மான்குட்டி போல் துள்ளுபவன் என்று இன்று நினைப்பவர்கள் அவர் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பந்து கனத்ததன் இன்னொரு விளைவை அன்றைய ஆட்டக்காரர்களின் விரல்கள் அனுபவித்தன. எல்லோரும் வெறுங்கையில் பிடித்தார்கள். 1875ல் சார்லஸ் வெய்ட் என்பவர் ஃபர்ஸ்ட் பேஸில் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். அதையும் யார் கண்ணிலும் படாதிருக்கத் தோல் நிறத்தில் வாங்கியிருந்தார். பட்டது, கிண்டல் பண்ணிக் கொன்றார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆல்பர்ட் ஸ்பால்டிங் கறுப்புக் கையுறையோடு கம்பீரமாக வந்து நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் அன்றைய பெரிய பிட்சர், அதாவது அடிப்பவனுக்குப் பந்தெறிகிறவர். தவிர, விளையாட்டுச் சாமான் கடையும் வைத்திருந்தார்; கையுறை நன்றாக விற்றது.

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்காக ஒரு நிமிடம். சதுரத்தை முனை மேல் நிறுத்தியது போல் மைதானம். கீழ்முனை ஹோம் பிளேட். அடித்தவன் வலப்பக்க முனையான ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடி, செகண்ட், தேர்டு என்று சுற்றி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். முனைக்கு முனை 90 அடி. அந்த 90 அடியை 1857 மாநாட்டில் முடிவு செய்தவரும் நம் டாக்டர்தான். ஓடுகிறவனை முந்திக்கொண்டு பந்து பேஸுக்குப் போய்ச் சேர வேண்டும். மொத்த விளையாட்டும் காலுக்கும் கைக்கும் நடக்கிற இந்தப் பந்தயம்தான்.

ஆகவே கையைப் பார்த்து இடம் ஒதுக்கினார்கள். தேர்டு பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குக் குறுக்கே 127 அடி. அங்கே வலுவான கை. ஷார்ட்ஸ்டாப்புக்கு அதே வலு, கூடவே கால். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் குந்திய நிலையிலிருந்து எழுந்து செகண்ட் பேஸுக்கு எறிவதும் 127 அடிதான், அவருக்கும் வேண்டும். செகண்ட் பேஸ்காரருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்து வீடு. சுமாரான கை போதும். ஃபர்ஸ்ட் பேஸ்காரர் வருவதைப் பிடித்தால் சரி. வெளிவட்டத்தில் ரைட் ஃபீல்டிலிருந்து தேர்டு பேஸ் வெகு தூரம் என்பதால் பெரிய கைக்காரன் அங்கே. லெஃப்ட் ஃபீல்டிலிருந்து தேர்டு பேஸ் கூப்பிடு தூரம் என்பதால் கை இல்லாதவன் அங்கே. அமெரிக்கப் பள்ளிப் பையன்கள் மத்தியில் ரைட் ஃபீல்டு என்றால் அவமானம். பந்தே அந்தப் பக்கம் வராது என்று, இருப்பதிலேயே சோப்ளாங்கியை அங்கே அனுப்புவார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அதே இடம் ராஜாவுடையது. எங்குமே நிறுத்த முடியாதவர்களுக்கு 1973ல் அமெரிக்கன் லீக் ஒரு வழி செய்தது. அடித்துவிட்டுப் போய் நிழலில் உட்காரலாம். எறியவே வேண்டாம்.

இடக்கைக்காரர்களுக்கு மட்டும் தனிச் சட்டம். செகண்ட், ஷார்ட்ஸ்டாப், தேர்டு மூன்றிலும் அவர்கள் உடம்பைத் திருப்பித்தான் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய முடியும். அந்த அரை நொடியில் ஓடுகிறவன் போய்ச் சேர்ந்துவிடுவான். நியாயம். ஆனால் கேட்சர் வேலை ஏன் கூடாது என்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றாவது உருப்படியாக என் காதில் விழுந்ததில்லை. ஜாக் கிளெமென்ட்ஸ் என்ற இடக்கைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கேட்சராகக் குந்தியிருக்கிறார். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். 1989ல் பிட்ஸ்பர்க் அணி பெனி டிஸ்டெஃபானோ என்ற இடக்கைக்காரரை மூன்று ஆட்டங்களில் கேட்சராக நிறுத்தியதை இன்னும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பால்டிமோரில் செயின்ட் மேரீஸ் என்ற சீர்திருத்தப் பள்ளியில் இந்தச் சட்டம் யாருக்கும் தெரியாது. அங்கே இடக்கைப் பையன் ஒருவன் கேட்சர். பள்ளியில் இருந்த கையுறையோ வலக்கைக்காரர்களுக்குத் தைத்தது. அதை இடக்கையில் மாட்டிப் பந்தைப் பிடிப்பான். உடனே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடக்கையால் பந்தை வீசி, ஓடுகிறவனை அவுட் ஆக்குவான். பையன் பெயர் பேப் ரூத். பாஸ்டன் அணி அந்தக் கையைப் பார்த்துப் பிட்சராக வைத்துக்கொண்டது. 94 ஆட்டங்களை வென்ற கை, உலகத் தொடரில் தொடர்ந்து 29 இன்னிங்ஸுக்கு மேல் ரன் கொடுக்காத கை. அப்படிப்பட்ட கையைக் கழற்றி வெளிவட்டத்தில் மாட்டினார்கள், அவர் மட்டையும் பிடிப்பார் என்று தெரிந்ததும். பிட்சர் நாலு நாளைக்கு ஒருமுறை ஆடுவான்; அடிக்கிறவன் தினமும் ஆடுவான். கணக்கு அவ்வளவுதான்.

பேஸ்பாலின் ரகசியம் இதில் இருக்கிறது. கையைப் பார்த்து இடம் கொடுப்பதாகச் சொல்வார்கள். சம்பளம் கொடுப்பது மட்டையைப் பார்த்து.

ஆனாலும் கைக்கு ரசிகர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். ரைட் ஃபீல்டு ராஜாக்களில் முதல் நாற்காலி ராபர்ட்டோ கிளெமென்டேவுக்கு. போர்ட்டோ ரிக்கோக்காரர். பள்ளியில் ஈட்டி எறிந்து பழகிய கை. 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் அணியின் ரைட் ஃபீல்டில் நின்று 12 தங்கக் கையுறை விருதுகளை அள்ளினார். 1961ல் மட்டும் 27 பேரை அவுட் ஆக்க அவர் எறிந்த பந்து உதவியது. இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவன் கை பெரியது என்று ஊருக்குத் தெரிந்த பிறகு எவனும் அவன் பக்கம் கூடுதல் பேஸுக்கு ஓடத் துணிய மாட்டான். அவுட் எண்ணிக்கை குறையும். புள்ளிவிவரத்தை மட்டும் படிக்கிறவனுக்குக் கை சோர்ந்துவிட்டது போல் தெரியும். போலீஸ்காரர் நிற்கும் தெருவில் திருட்டு நடக்கவில்லை, ஆகவே போலீஸ்காரர் சும்மா இருக்கிறார் என்கிற மாதிரி.

கிளெமென்டேவுக்குப் பின் அதே அணியில் அதே இடத்துக்கு வந்தவர் டேவ் பார்க்கர். 1979 ஆல் ஸ்டார் ஆட்டத்தில், சியாட்டிலின் கிங்டோம் அரங்கில், கூரை வெளிச்சத்தில் ஒரு பந்தைக் கோட்டைவிட்டார். விட்ட கையோடு பொறுக்கி எறிந்து ஜிம் ரைஸைத் தேர்டு பேஸில் அவுட் ஆக்கினார். அடுத்த இன்னிங்ஸில் பிரையன் டௌனிங்கை ஹோம் பிளேட்டில். ஆட்ட நாயகன் விருது அவருக்கே. எறிந்ததற்காக அந்த விருது கிடைப்பது அபூர்வம். கையை நம்பிப் பிழைத்தவர்கள் எல்லாம் அன்று ஒரு வாய் இனிப்பு சாப்பிட்டிருப்பார்கள். 2001 ஏப்ரலில் இச்சிரோ சுசுகி ஓக்லாண்டில் டெரன்ஸ் லாங்கை ரைட் ஃபீல்டிலிருந்து தேர்டு பேஸில் அவுட் ஆக்கியதையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். பந்து உயரவே இல்லை. தலை உயரத்தில் ஒரே கோடாகப் போனது. இச்சிரோ ஜப்பானில் உயர்நிலைப் பள்ளியில் பிட்சராக இருந்தவர் என்ற தகவலை ஓடுவதற்கு முன்னால் லாங்கிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்ட எறி ஒன்று லெஃப்ட் ஃபீல்டிலிருந்து வந்தது. மேலே சொன்ன சட்டப்படி கை இல்லாதவன் நிற்க வேண்டிய மூலை அது. 1989 ஜூன் 5, அதே கிங்டோம். கான்சஸ் சிட்டி அணிக்காக அங்கே நின்றவர் போ ஜாக்சன், குளிர்காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடிய மகாசூரர். பத்தாவது இன்னிங்ஸ், சமநிலை. ஃபர்ஸ்ட் பேஸில் சியாட்டிலின் ஹெரால்டு ரெனால்ட்ஸ், அணியிலேயே வேகமான கால்களில் ஒன்று. பிட்சர் எறியும்போதே ஓட ஆரம்பித்துவிட்டார். அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்டு மூலைச் சுவர் வரை போனது. ரெனால்ட்ஸ் தேர்டு பேஸைத் திரும்பும்போது ஆட்டம் முடிந்தது என்றுதான் அரங்கம் நினைத்தது. ஜாக்சன் சுவரோரம் பந்தை வெறுங்கையில் எடுத்துத் திரும்பினார். ஓடி வந்து எறியவில்லை. ஒரு காலை முன்னே வைத்து உடம்பைச் சாய்க்கவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி கையை வீசினார். ஏறக்குறைய 300 அடி. பந்து தரையில் குத்தாமல் கேட்சர் பாப் பூனின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. சாவகாசமாக ரன் எடுக்க வந்தவர் வாசலில் கேட்சர் பந்தோடு காத்திருப்பதைக் கண்டார். இந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்று ரெனால்ட்ஸுக்கே விளங்கவில்லை.

இனி கை இல்லாதவர்கள் கதை. இதுதான் சுவாரசியமான பக்கம், கூட்டமும் இங்கேதான் அதிகம்.

ஜோ டிமாஜியோ யாங்கீஸ் அணியின் தெய்வம். 1951ல் தெய்வத்துக்கு வயது 36, தோள் தேய்ந்துவிட்டது. அந்த வருஷம் உலகத் தொடருக்கு வந்துவிடுவோம் என்று நம்பி, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஆண்டி ஹை என்ற ஒற்றரை அனுப்பி யாங்கீஸ் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எடுத்து வைத்திருந்தது. கடைசி நாளில் ஜயன்ட்ஸ் அணியிடம் தோற்றது. வீணாய்ப் போகாமல் இருக்கட்டுமே என்று அந்தக் குறிப்பை ஜயன்ட்ஸிடமே கொடுத்தது. டிமாஜியோவால் சட்டென்று நின்று வேகமாக எறிய முடியாது, தைரியமாகக் கூடுதல் பேஸுக்கு ஓடலாம் என்று அதில் இருந்தது. ஜயன்ட்ஸ் அதை வைத்துக்கொண்டும் தொடரைத் தோற்றார்கள். குறிப்போ லைஃப் பத்திரிகையின் கையில் சிக்கி அச்சாகி, தெய்வத்தின் தோள் நிலவரம் அமெரிக்கா முழுக்க சலூன் பேச்சானது. டிசம்பரில் டிமாஜியோ ஓய்வு அறிவித்தார். ஒரு லட்சம் டாலர் தருகிறோம், இன்னும் ஒரு வருஷம் ஆடுங்கள் என்று யாங்கீஸ் கெஞ்சியும் கேட்கவில்லை. கவனியுங்கள்: எறிய முடியாதவருக்கு ஒரு லட்சம்.

ஸ்டான் மியூசியல் இடக்கைப் பிட்சராக மைனர் லீகில் இருந்தவர். 1940ல் டேடோனா பீச்சில், பிட்ச் செய்யாத நாளில் வெளிவட்டத்தில் ஆடும்போது பாய்ந்து விழுந்து தோளைக் கெடுத்துக்கொண்டார். பிட்சர் பிழைப்பு அத்தோடு முடிந்தது. வேறு வழி இல்லாமல் மட்டையைப் பிடித்து 3,630 ஹிட் அடித்தார். செயின்ட் லூயிஸ் அரங்கத்தின் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. தோள் நன்றாக இருந்திருந்தால் சிலை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

சின்சினாட்டியின் டேவ் கான்செப்சியோன் கதை புத்திசாலியின் கதை. ஷார்ட்ஸ்டாப், முழங்கை வலி. ஃபர்ஸ்ட் பேஸ் வரை ஒரே மூச்சில் எறிவது கஷ்டம். அவர் ஆடிய ரிவர்ஃப்ரன்ட் அரங்கில் 1970 முதல் செயற்கைப் புல். அந்த வருஷ உலகத் தொடரில் பால்டிமோரின் பிரூக்ஸ் ராபின்சன் தேர்டு பேஸ் கோட்டுக்கு வெளியிலிருந்து அவசரமாக எறிந்த ஒரு பந்து, அந்தப் புல்லில் ஒரு குத்து குத்தி, வேகம் குறையாமல் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனதைக் கான்செப்சியோன் பார்த்து வைத்திருந்தார். மண்ணில் என்றால் பந்து எங்கே எகிறும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். செயற்கைப் புல் சிமென்ட் தரை மாதிரி, கணக்காகத் துள்ளும். ஆழத்தில் பந்தை எடுத்தவுடன் ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சில அடி முன்னால் குறிவைத்துக் குத்திவிடுவார். ஃபர்ஸ்ட் பேஸ்காரரின் இடுப்புக்கு அழகாக வரும். கையின் வேலையைத் தரை செய்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒன் பவுன்ஸ் த்ரோ என்றால் பெரிய சங்கதி இல்லை. அமெரிக்கர்களுக்கு அது விஞ்ஞானம்.

கை இல்லாத சென்டர் ஃபீல்டர் என்றால் நம் காலத்தவர்களுக்கு ஜானி டேமன் ஞாபகம்தான் வரும். 2004 ஜூலை 21, பாஸ்டனின் ஃபென்வே பார்க். பால்டிமோரின் டேவிட் நியூஹன் அடித்த பந்து சென்டர் ஃபீல்டு சுவரில் பட்டுத் திரும்பியது. டேமன் துரத்திப் பிடித்து, பாதி வழியில் காத்திருந்த உள்வட்ட ஆளை நோக்கி எறிந்தார். குறுக்கே மேனி ராமிரெஸ் வந்தார். அவர் லெஃப்ட் ஃபீல்டர்; டேமனுக்குச் சில கஜ தூரத்தில்தான் இருந்தார். சொந்த அணிக்காரர் எறிந்த பந்தை, எதிரி அடித்த பந்துபோல் பாவித்து, தரையில் பாய்ந்து பிடித்தார்! அபாரமான கேட்ச். எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மறுபடி உள்ளே எறிவதற்குள் நியூஹன் நான்கு பேஸையும் சுற்றி வீடு சேர்ந்துவிட்டார். நடுவழியில் ஒரு ஆள் நின்று தூரத்து எறியை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும் என்ற ஆடம்ஸ் டாக்டரின் யோசனையை, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மேனி இப்படி விரிவாக்கம் செய்தார். அன்று பாஸ்டன் தோற்றது. அந்த அக்டோபரில் அதே டேமன், அதே மேனி, 86 வருஷத்துக்குப் பிறகு பாஸ்டனுக்கு உலகத் தொடர் வெற்றி. தொடர் நாயகன் மேனி. பாஸ்டனில் அதற்குப் பிறகு அந்தப் பாய்ச்சலைத் திட்டுகிறவர்கள் இல்லை; பிரியமாகப் போட்டுப் பார்க்கிறார்கள்.

கை நன்றாக இருந்தும் புத்தி அதைப் பிடித்து இழுத்தவர்கள் தனி ஜாதி. டாட்ஜர்ஸின் ஸ்டீவ் சாக்ஸ் 1982ல் சிறந்த புதுமுகம். மறு வருஷம் செகண்ட் பேஸிலிருந்து பக்கத்து வீட்டுக்கு எறியத் தெரியாமல் போய் 30 பிழை. ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் உட்காரும் ரசிகர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த வருஷம் வெளிவட்டத்திலிருந்து தேர்டு பேஸுக்கு மாற்றப்பட்டவர் பெட்ரோ கெரேரோ. அந்த இடம் அவருக்குச் சரிப்படவில்லை. நெருக்கடியான நேரத்தில் என்ன நினைப்பாய் என்று மேனேஜர் லசோர்டா கேட்டதற்கு, கடவுளே பந்து என்னிடம் வரக்கூடாது என்று நினைப்பேன் என்றாராம். அப்புறம்? சாக்ஸிடமும் போகக்கூடாது என்று நினைப்பேன். லசோர்டா ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரித்த கதை இது.

பின்னால் யாங்கீஸுக்கு வந்த சக் நாப்லாக்குக்கு 1997ல் செகண்ட் பேஸில் தங்கக் கையுறை. 2000 ஜூனில் அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்த பந்து பார்வையாளர் பகுதிக்குள் போய் ஒரு பெண்மணியின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது. அவர் பிரபல விளையாட்டு ஒளிபரப்பாளர் கீத் ஓல்பர்மேனின் தாயார். விஷயம் ஊருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. அடுத்த வருஷம் நாப்லாக்கை லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். 60, 70 அடி எறிய முடியாதவரை 200 அடி எறியும் இடத்தில் வைத்தார்கள். அவர் அங்கே சரியாகத்தான் எறிந்தார். தூரம் குறையக் குறைய யோசிக்க நேரம் கூடுகிறது, வினை அதில்தான்.

இதை ரிக் அங்கீல் அளவுக்கு நிரூபித்தவர் இல்லை. செயின்ட் லூயிஸின் 21 வயது இடக்கைப் பிட்சர். 2000 அக்டோபர் 3, பிளேஆஃப் முதல் ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ். 60 அடி 6 அங்குலத்தில் கேட்சர் கையுறையை விரித்துக் காத்திருக்க, ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளை அவர் எட்டாத பக்கமெல்லாம் எறிந்தார். அதன் பிறகு குறி திரும்பி வரவே இல்லை. வருஷக்கணக்கில் போராடிவிட்டுப் பிட்சர் தொழிலையே விட்டார். 2007ல் வெளிவட்ட ஆட்டக்காரராக, மட்டையோடு திரும்பி வந்தார். 2008 மே 6, டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு. கொலராடோவின் வில்லி டவரஸ் ஓட்டத்தில் புலி; அந்த வருஷம் 68 பேஸ் திருடி, அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து, நேஷனல் லீகிலேயே முதலாவது. பந்து சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்குப் போக, மூன்றாவது பேஸ் நிச்சயம் என்று ஓடினார். அங்கீல் சுவரோரத்திலிருந்து எறிந்தது காற்றிலேயே வந்து தேர்டு பேஸ்காரரின் கையுறையில் விழுந்தது. டவரஸ் அவுட். எட்டாவது இன்னிங்ஸில் ஒமர் கின்டனியாவுக்கும் அதே இடத்தில் அதே மரியாதை. 60 அடியில் கேட்சரைத் தவறவிட்டவர், 300 அடியில் கையுறையைத் தேடிப் பிடித்தார்.

டவரஸுக்கு ஏழரை அத்தோடு விடவில்லை. 2009 மார்ச், உலக பேஸ்பால் கிளாசிக். டொமினிகன் குடியரசு எதிரில் நெதர்லாந்து. கடைசி இன்னிங்ஸில் டவரஸ் தேர்டு பேஸைத் திருடப் பாய்ந்தார். நெதர்லாந்தின் கேட்சர், குராசாவ் தீவுக்காரரான கென்லி ஜான்சன் என்ற பையன், குந்திய நிலையிலிருந்து எழுந்து விட்டெறிந்து அவரைச் சாய்த்தார். குட்டி நெதர்லாந்து ஜெயித்தது. ஜான்சன் டாட்ஜர்ஸின் மைனர் லீகில் இருந்த கேட்சர், அடிக்க வராது. அந்தக் கையைப் பார்த்த டாட்ஜர்ஸ் அதே வருஷம் அவரைப் பிட்சராக மாற்றியது. பின்னாளில் 400 ஆட்டங்களுக்கு மேல் முடித்துக் கொடுத்தார். டவரஸ் ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இரண்டு பேரின் கையை உலகுக்கு அறிமுகப்படுத்தியதற்காக அவருக்கு ஒரு சால்வையாவது போர்த்தலாம்.

இந்தக் கைகளை எல்லாம் வெகுகாலம் கண்ணால்தான் அளந்தார்கள். 1940ல் பாப் ஃபெல்லர் என்ற பிட்சரின் வேகத்தை அறிய, சிகாகோவின் ஒரு பூங்கா சாலையில் அவர் பந்தை ஒரு மோட்டார் சைக்கிளோடு ஓடவிட்டுப் பார்த்தார்கள். பந்து ஜெயித்தது. 1974ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் டேனி லிட்வைலர், வளாகத்துப் போலீஸார் கார்களின் வேகத்தைப் பிடிக்க வைத்திருந்த ராடார் கருவியைப் பார்த்தார். இதைப் பந்து மேல் காட்டினால் என்ன என்று தோன்றியது. அதன் பிறகு எந்தப் பையன் எங்கே பந்தெறிந்தாலும் வேலியோரம் ஒருவர் அந்தத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். 2015 முதல் ஸ்டாட்காஸ்ட் கேமராக்கள் எல்லா அரங்கிலும் எல்லா எறியையும் அளக்கின்றன. 2016ல் ஆரன் ஹிக்ஸ் மணிக்கு 105.5 மைல் வேகத்தில் ஹோம் பிளேட்டுக்கு எறிந்து ஒருவரை அவுட் ஆக்கினார். 2022ல் பிட்ஸ்பர்க்கின் ஷார்ட்ஸ்டாப் ஓனீல் குரூஸ், ஆறடி ஏழங்குல மனிதர், 97.8 மைலில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார். உள்வட்டத்தில் அப்போதைய சாதனை. 2024ல் அவரை ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து எடுத்து சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பந்து வேகமாகப் போனது. போக வேண்டிய இடத்துக்குப் போவதுதான் தகராறு.

கையை மட்டும் நம்பிக் கடல் தாண்டியவர்களில் நம் நாட்டவர்களும் உண்டு. 2008ல் மில்லியன் டாலர் ஆர்ம் என்று ஒரு போட்டி நடத்தி, பேஸ்பாலைக் கண்ணால்கூடப் பார்க்காத உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். எடுத்துக்கொண்ட அணி, கிளெமென்டே ஆடிய அதே பிட்ஸ்பர்க். ஈட்டிக் கை என்றால் அவர்களுக்கு ஒரு பக்தி போல. இருவரும் மைனர் லீகைத் தாண்டவில்லை. அவர்கள் கதையை டிஸ்னி 2014ல் படமாக எடுத்து ஏ.ஆர்.ரஹ்மானை இசையமைக்க வைத்தது. ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போய், வீர் மஹான் என்ற பெயரில் டபிள்யூடபிள்யூஈ மேடையில் ஆட்களையே தூக்கி எறிந்தார். அங்கே குறி தவறினாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை.

வெறும் கையை மட்டும் வைத்து வரிசை போட்டால் உச்சியில் நிற்பவர் கிளெமென்டேயும் இல்லை, போ ஜாக்சனும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டிரம்ஹெல்லர் என்ற ஊர்க்காரர் கிளென் கோர்பஸ். சின்சினாட்டிக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நூற்றுச் சொச்சம் ஆட்டங்கள் ஆடினார். சராசரி .238. மொத்தம் நான்கே ஹோம் ரன். 1957 மே மாதம் அவரை மைனர் லீகுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒமாஹா அரங்கில், சில எட்டு ஓடிவந்து அவர் எறிந்த பேஸ்பால் 445 அடி 10 அங்குலம் போய் விழுந்தது. மனிதக் கை எறிந்த பேஸ்பாலில் அளந்து பதிவானது அதுவரைக்கும் அவ்வளவு இல்லை, இதுவரைக்கும் இல்லை. கின்னஸ் புத்தகத்தில் இன்னும் அவர் பெயர்தான். அதற்குப் பிறகு மேஜர் லீகில் அவரை ஒரு ஆட்டத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை.